சிந்திக்க ஒதுக்கிய பத்து நிமிடம்

இரண்டு நாள் பயிற்சிக்குப் போன மேனேஜர், மூன்றாம் நாள் சிந்தனையாளராகத் திரும்பி வந்தார். குழந்தைகளுக்கான இருமல் சிரப்பைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் அந்தக் கூடத்தில், கைகழுவும் தொட்டிக்கு மேல் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. தினமும் காலை ஒன்பதிலிருந்து ஒன்பது பத்து வரை எல்லோரும் சிந்திக்க வேண்டும். சிந்தித்ததற்கு அடையாளமாக ஆளுக்கொரு கேள்வியைப் பலகையில் எழுத வேண்டும். எதையும் அப்படியே நம்பக்கூடாது. சம்பளம், விடுமுறை, கழிப்பறை, மேனேஜரின் முடிவுகள் ஆகியவற்றை மட்டும் அப்படியே நம்பிக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஜனங்கள் திண்டாடிப்போனார்கள். “பெட்டிக்கு ஏன் ஆறு பக்கம்?” என்று எழுதினார் லேபிள் ஒட்டுகிறவர். “சிந்தனைக்கு ஏன் பத்தே நிமிடம்?” என்று மெக்கானிக் எழுதியதை மேனேஜர் தன் கைக்குட்டையாலேயே அழித்தார்.

செக்கிங் அக்கா எதுவும் எழுதவில்லை. நாலு வருஷமாக ஒப்பந்தத்தில் இருப்பவர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு மேனேஜரின் மேஜையில் கிடந்தது. மாதக் கடைசியில் கையெழுத்தாக வேண்டும். சிரப் ஊற்றிக் கொடுக்கிற சின்னப் பிளாஸ்டிக் மூடிகளை எண்ணிப் பார்ப்பதுதான் அவருக்குச் சொன்ன வேலை. ஆனால் புதுப் பெட்டி பிரித்தால் மூன்று மூடியை எடுத்து, சிரிஞ்சால் ஐந்து மில்லி தண்ணீர் விட்டு, ஐந்து என்ற கோட்டைத் தொடுகிறதா என்று பார்ப்பார். யாரும் சொல்லவில்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவர் திரும்பியபோது, புதுக் கம்பெனி மூடிகளோடு நாற்பது பெட்டி லாரியில் ஏறியிருந்தது. மிச்சமிருந்த மூடியில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். கோட்டுக்குக் கீழேயே நின்றது. முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். வேறு சிரிஞ்ச் எடுத்தார். தண்ணீரைத் தராசில் நிறுத்தார். இன்னொரு பையிலிருந்து இன்னும் மூன்று மூடி. எல்லாவற்றிலும் கோட்டைத் தொட ஏழு மில்லி தேவைப்பட்டது. கோட்டை நம்பி ஊற்றினால் குழந்தைக்கு மருந்து கூடிப்போகும்.

பலகையில் எழுதினார்: “ஐந்து என்று போட்ட கோட்டில் ஏழு பிடிக்கிறதே, எப்படி?”

மேனேஜர் கைதட்டினார். “இதுதாங்க கேள்வி! எல்லாரும் பாத்துக்கங்க.” அக்காவைப் பலகையோடு நிறுத்திப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்.

“பதில் எப்ப சார்?”

“அடுத்த வாரம் ஒரு கமிட்டி போட்டுடலாம்.”

“லாரி மூணு மணிக்குக் கிளம்புது சார்.”

“கேள்வி வேற, லாரி வேறம்மா.”

லாரி வெளியே போக அக்காவின் கையெழுத்து வேண்டும். மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் பேனா அக்காவின் பக்கம் நகர்ந்து வந்தது.

“மூடி தந்தவங்க சர்டிபிகேட் குடுத்திருக்காங்க.”

“எதையும் அப்படியே நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது ஒம்பதுலேர்ந்து ஒம்பது பத்து வரைக்கும்.”

அக்கா சிரிஞ்சையும் மூடியையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் மேஜைமேல் வைத்தார். “நீங்களே ஊத்திப் பாருங்க.”

மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “பாத்துட்டா அப்புறம் நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?”

அந்த வருஷத்தில் அவர் பேசிய ஒரே உண்மை அது. உடனே சுதாரித்துக்கொண்டு, நிரந்தரக் கோப்பைத் தட்டிக் காட்டினார். “நான் போட வேண்டிய கையெழுத்தும் ஒண்ணு இங்க இருக்கு. நல்லா யோசிச்சுக்க.”

“யோசிச்சுட்டேன் சார். அதான் போடல.”

காத்திருந்து சலித்த லாரி டிரைவர் உள்ளே வந்தார். “என்ன சார், கல்யாணப் பேச்சு மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கீங்க?” பொழுது போகாமல் சிரிஞ்சை எடுத்து, அஞ்சு வரைக்கும் உறிஞ்சி, மூடியில் விட்டார். குனிந்து பார்த்தார். “கோடு எங்கயோ இருக்கு, தண்ணி எங்கயோ இருக்கு. இதையா நான் ஏத்திட்டுப் போறேன்? எறக்கிக்கங்க சார்.”

வெளியாள் ஒருவன் பார்த்துவிட்ட பிறகு பார்க்காமலிருந்து பயனில்லை. மேனேஜர் டைரக்டரம்மாவுக்குப் போன் போட்டார். “மேடம், என் பயிற்சியால ஒரு பெரிய தப்பைப் பிடிச்சிருக்கேன்!” பெட்டிகள் இறங்கின.

மாதக் கடைசியில் அக்காவுக்கு மேனேஜர் கையெழுத்தோடு கடிதம் வந்தது. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிவைப்பு; காரணம், சரக்கைத் தேவையில்லாமல் நிறுத்திவைத்தது. அதே வாரம் நோட்டீஸ் போர்டில் அதே கையெழுத்தோடு ஓர் அறிக்கை: தக்க நேரத்தில் சரக்கை நிறுத்திய மேனேஜருக்கு வெள்ளிக்கிழமை பாராட்டு விழா.

இரண்டையும் எடுத்துக்கொண்டு டைரக்டரம்மாவின் அறைக்கு அக்கா மாடியேறினார்.

“மேடம், ஒரே நாள், ஒரே லாரி, கீழ ஒரே கையெழுத்து. ஒண்ணு தேவையில்லைங்குது, ஒண்ணு தேவைங்குது. எது சரின்னு நீங்களே சொல்லுங்க.”

டைரக்டரம்மா இரண்டு முறை படித்தார். மேனேஜரை வரவழைத்தார். “ஏதாவது ஒண்ணை வாபஸ் வாங்குங்க.”

மேனேஜர் விழாவுக்குக் கோட் தைக்கக் கொடுத்திருந்தார். மாமனார் வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. கடிதத்தைக் கிழித்தார். நிரந்தரக் கோப்பை வரவழைத்து, பெரிய மனசு பண்ணுகிற முகத்தோடு கையெழுத்துப் போட்டு நீட்டினார். “சந்தோஷமா? எடுத்துட்டுப் போ.”

அக்கா எடுத்துக்கொண்டு போகவில்லை. நின்ற இடத்திலேயே முதலிலிருந்து கடைசிவரை படித்தார். நிரந்தரமாகும் நாளுக்கு அடுத்த வருஷத் தேதி போட்டிருந்தது. திருத்தி வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.