மெட்ரோ ஷெட்டுப் பிள்ளைகள்

கடற்கரையை ஒட்டிய அந்த மாநகராட்சித் தொடக்கப்பள்ளிக்குச் சூடாமணி தலைமையாசிரியையாக வந்தபோது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். மீனவக் குடும்பங்களில் பாதி, அரசு வீடு ஒதுக்கிய பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டிருந்தன. மிச்சப் பேர் பிள்ளைகளை வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பினார்கள். பட்டினப்பாக்கம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியும் அவளுக்குப் புதிதாக ஒரு பிள்ளை கிடைக்கவில்லை.

மீன் விற்கும் கங்கம்மாதான் வழி சொன்னாள். அவள் மகள் நிலா அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

"இன்னா டீச்சர், இங்கியே சுத்திகினு கீற? மெட்ரோ வேலை நடக்குற எடத்தாண்ட போய்ப் பாரு. தகர ஷெட்டு பூரா புள்ளைங்கதான்."

அன்று மாலையே இருவரும் மந்தைவெளிப் பக்கம் போனார்கள். ஷெட்டுகளில் ஒடிசாக்காரர்கள், பீகாரிகள், நேபாளிகள். குனி என்ற ஒடிசாச் சிறுமி தன் தாயின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். சூடாமணி அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சா வேற ஊருக்குப் போயிடுவோமே" என்றாள் தாய், அதே இந்தியில்.

"இருக்கற வரைக்கும் வரட்டுமே."

திங்கட்கிழமை குனி வந்தாள். கூடவே இன்னும் சிலர். ஆனால் குனி வாயே திறக்கவில்லை. ஒடியா தெரிந்த யாராவது கிடைப்பார்களா என்று சூடாமணி தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு அலுத்துப்போனாள்.

சில மாதங்கள் கழித்து, மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் வெளியே ஒரு புதுக் குரல் கணீரென்று கேட்டது.

"இன்னா நிலா, நீ அவுட்டு! அப்பால போ!"

குனி! பதிலுக்கு நிலா இடுப்பில் கைவைத்து ஒடியாவில் பொரிந்து தள்ளினாள். சுற்றி நின்ற நேபாளிப் பையன்களும் குப்பத்துப் பிள்ளைகளும் அது புரிந்து சிரித்தார்கள். சூடாமணி டிபன் பாக்ஸும் கையுமாக வாசற்படியில் நின்றுவிட்டாள். யார், யாருக்கு, எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்த வாரமே குனியின் தாய் சிமென்ட் படிந்த கைகளோடு வந்தாள். பின்னால் ஷெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு பிள்ளையோடு. அரைகுறை இந்தி போதாமல் ஒடியாவில் நீளமாக ஏதோ சொன்னாள். சூடாமணி நிலாவைக் கூப்பிட்டாள்.

நிலா காது கொடுத்துக் கேட்டாள். "டீச்சர், இவங்க எத்தினியோ ஊர்ல வேலை செஞ்சாங்களாம். எங்கியும் இவங்க பொண்ணு பேரு யாருக்கும் தெரியாதாம். இப்ப ரோட்டுல போனா, 'குனி, குனி'ன்னு நம்ம பசங்க கூப்புடுதாம். அதான் பின்னால நிக்கிறவங்களும் புள்ளைங்கள சேக்க வந்துகினு கீறாங்க."

சூடாமணி, முன்னால் நின்ற பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள்.