பிளாங்க் சிவந்தது

1

இந்தக் கதை, நிறமே இருக்கக் கூடாத ஒரு சோதனைக் குழாயில் பிறந்தது. ‘கிணற்றில் விஷம் ஊறியது’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். ஊறியதா என்பதுதானே கேள்வி.

2

தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். சாயத் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக் கிணற்றுநீரைக் கொண்டுவந்திருந்தாள். அக்கா பிள்ளைத்தாச்சி.

“உன் மிஷின் சொன்னாத்தான்டி குடிப்பேன். நீ வாயால சொல்லாதே.”

சாயக்கழிவில் வரும் அனிலின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பனிக்கட்டியில் குளிரவைத்து, மருந்துகளை வரிசையாக விட்டால் சிவந்து எழும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு அனிலின். கூடவே காய்ச்சி வடித்த நீரிலும் இதையே செய்வார்கள். அதுதான் பிளாங்க். அதன் நிறத்தைக் கருவியில் பூஜ்யமாக வைத்துக்கொள்வார்கள்.

(அந்தப் பூஜ்யத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.)

கிணற்றுநீருக்குக் கருவி காட்டியதும் பூஜ்யம்தான்.

3

[அக்கா நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கும் பத்தி இங்கே இருந்தது. தங்கை இரண்டு குழாய்களையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் தூக்கிப் பார்த்துவிட்டதால் நீக்கினேன்.]

இரண்டும் ஒரே இளஞ்சிவப்பு.

எதிர்த்துப் பேசியே பழகாதவளைப் பேசவிடலாமா என்று தயங்கினேன். குரல் நடுங்கட்டும், கேள்வி நிற்கட்டும்.

“சார், பிளாங்க்கும் சிவந்திருக்கு.”

தலைமை ஆய்வாளர் நிமிரவில்லை. “மருந்து பழசா இருக்கும்மா. அந்த நிறத்தைக் கழிக்கத்தானே பிளாங்க்?”

“நாம எந்தத் தண்ணியைக் காய்ச்சி வடிக்கிறோம் சார்?”

“நம்ம போர் தண்ணிதான்.”

“சாயக்கழிவு இங்க வரைக்கும் ஊறி, அதுலயும் அனிலின் இருந்தா? அது ஆவியோட சேர்ந்து ஏறி வந்துரும் சார். அப்புறம் எதை வெச்சு எதைக் கழிக்கிறோம்?”

இப்போது நிமிர்ந்தார். “வேலியே பயிரை மேயுதுங்கிறே.”

“மேயுதான்னு பாத்துரலாம் சார்.”

4

வெளியூரிலிருந்து ஒரு கேன் காய்ச்சி வடித்த நீர் வாங்கிவந்தாள். அக்கா போனில் கூப்பிட்டாள்.

“என்னடி, குடிக்கலாமா?”

“இரு அக்கா. பூஜ்யத்தைத் தேடிக்கிட்டிருக்கேன்.”

“பரீட்சையில அது உனக்குத் தேடாமலே கிடைக்குமே.”

சிரித்துக்கொண்டே பனிக்கட்டியை நொறுக்கினாள். புது பிளாங்க், கிணற்றுநீர், அதே மருந்துகள். கடைசிச் சொட்டும் விழுந்துவிட்டது.

முடிவு ஒன்று: இரண்டும் ஒன்றுபோலச் சிவக்கும். மருந்துதான் பழசு; அக்கா குடிக்கலாம்.

முடிவு இரண்டு: பிளாங்க் தெளிந்து நிற்கும், கிணற்றுநீர் மட்டும் சிவக்கும். அப்படியானால் இந்தக் கூடம் இதுவரை கொடுத்த ஒவ்வொரு பூஜ்யத்தையும் அவள் திரும்ப

(இந்த வரியை முடிக்க மாட்டேன். நானாக ஒரு நிறத்தை எழுதினால், அதுவும் வசதிக்கு வைத்துக்கொண்ட பூஜ்யம்தான்.)

நிறம் எழச் சற்று நேரமாகும். அவள் நகரப் போவதில்லை. வெள்ளைத் தாளைக் கையில் எடுத்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் வெள்ளைதான் அது. குழாய்களை நீங்கள் தூக்கிப் பாருங்கள்.