உரித்த மாமரம்

செம்மேடு பஸ் ஸ்டாண்டு மாமரத்தின் நிழல் நாற்பதாயிரம் ரூபாய். அப்படித்தான் விலை பேசினான் சென்றாயன். அவனுடைய புது லாட்ஜ் போர்டை மரம் மறைத்துக்கொண்டிருந்தது.

"வெட்டறதுக்குக் கடைக்காரங்க சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, கையில காசு."

மரத்தடியில் அன்னாசி விற்கும் பாவாயி கத்தியைத் துடைத்தாள். "நெழலை மடிச்சுப் பைல போட்டுக்கிட்டுப் போ. மரத்தக் கேக்காதே."

அடுத்த சந்தை நாள் காலையில் பார்த்தால், மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையே இல்லை. எலும்பு மாதிரி வெள்ளையாய் மின்னியது. பாவாயி இந்த மலையிலேயே குண்டூர் நாட்டில் மிளகுக்கொடி வளர்க்கும் குடும்பத்துக்காரி. வேண்டாத நிழல் மரத்தை அவள் ஊரில் வெட்டுவதில்லை. இப்படி வளையமாய் உரித்துவிட்டுக் காயவிடுவார்கள்.

அந்த வளையத்தின் ஓரத்தில் கத்தி வைத்துப் பட்டையைக் கீறிக்கொண்டிருந்தாள் சங்கீதா, பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர். கடைக்காரர்களுக்கு ஞாயிறுதோறும் மரம் வளர்க்கும் பாடம் எடுப்பவள். பாவாயி அங்கே எட்டிப் பார்த்ததில்லை. மிளகுக்காரிக்கு மரத்தைப் பற்றி யார் சொல்லித் தருவது?

பாவாயி பிடுங்கிய கடைக் குடையின் இரும்புக் கம்பு டீச்சர்மேல் இறங்கியது. முழங்கை முறிந்த சத்தம் சந்தைக்கே கேட்டது. இரண்டாவது அடியில் மண்டை பிளந்தது.

"எத்தனைக்கு வித்தே டீச்சரு?"

"பாவாயக்கா... எலை ஆக்குற சோறு பட்டை வழியாத்தானுங்க வேருக்கு எறங்கும். வழி அறுந்துபோச்சு." ரத்தம் கண்ணில் வழிய, பக்கத்தில் கிடந்த மாங்குச்சிகளையும் மெழுகையும் காட்டினாள். "மேலயும் கீழயும் பட்டைக்குள்ள இதைச் செருகினா, ஒட்டிக்கிட்டு வழி உடுமுங்க. சீக்கிரம், காயுது."

பாவாயி கம்பைத் தாழ்த்தினாள். அதற்குள் லாட்ஜிலிருந்து இரும்புப் பைப்போடு இறங்கி வந்தான் சென்றாயன். "செத்த பொணத்துக்கு வைத்தியமா?" என்று குச்சிகளை மிதித்தான். பாவாயி கம்பை அவன் வாயில் வீசினாள். பைப் அவள் தாடையில் விழுந்தது. அவள் விடவில்லை, அவன் முழங்கால் மடங்கிச் சாக்கடையில் விழும்வரை அடித்தாள். கடைக்காரர்கள் அவன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

டீச்சர் ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு சொல்லச் சொல்ல, பாவாயி கீறினாள், செருகினாள், துணி சுற்றினாள், மெழுகு பூசினாள். அதன் பிறகுதான் டீச்சர் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினாள்.

ஐப்பசியில் கணக்குப் பார்த்தார்கள். செருகிய குச்சி ஏழு, பிடித்தது நாலு, மரம் துளிர்த்துவிட்டது. சென்றாயனுக்குப் போனது மூன்று பல், பாவாயிக்கு ஒன்று. கேஸ் ஆளுக்கொன்று. சங்கீதாவின் முழங்கை மட்டும் முழுசாய் நிமிரவில்லை. அது பாவாயி பேரில் பாக்கி.