சேத்தூர் வளைவில் ஒரு மேடு

சேத்தூர் வளைவில் வேகத்தடை வந்தது கிருபாபாய் டீச்சரால்தான். பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்த மாரிக்கனி என்ற பள்ளிக்கூடத்துப் பெண் லாரியில் அடிபட்டு இறந்தபோது, மறியலுக்கு முதலில் தரையில் உட்கார்ந்தவள் அவள்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த நெடுஞ்சாலைப் பொறியாளர் நவநீதகிருஷ்ணன் டேப்பைச் சுருட்டியபடி, “இங்கன மேடு போட்டா வளைவுல திரும்புறவனுக்குக் கண்ணுல படாது டீச்சர். பஸ் ஸ்டாப்பைத் தள்ளி வைப்போம். செத்த பொறுங்க” என்றார்.

“பெத்தவ கதறுதா, நீங்க டேப்பு பிடிக்கீக. நெஞ்சுல ஈரமே கிடையாதா?” என்றாள் கிருபாபாய்.

கூட்டம் கைதட்டியது. அந்தச் சத்தம் பல நாள் அவள் காதில் இனித்துக் கிடந்தது. அந்த வாரமே மேடு போட்டுவிட்டார்கள்.

இப்போது ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் தளவாய்புரம் தங்கச்சாமி மாவுக்கட்டோடு படுத்திருந்தான். மில்லுக்குப் போகும்போது அந்த மேட்டில் பைக்கோடு தூக்கி எறியப்பட்டவன். கிருபாபாய் பால்கோவா வாங்கிப் போனாள். அவன் தலையில் கைவைத்து ஜெபித்தாள். அழுகையும் வந்தது.

“டீச்சரே அழுதாக. இவியளுக்கு ஆகாசத்துல பறக்க ஆசை” என்றாள் அவன் மனைவி முனீஸ்வரி.

“ஏட்டி, மானத்தை வாங்காத” என்றான் தங்கச்சாமி.

மேடு யாரால் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லாமலே மன்னிப்பு கிடைத்துவிட வேண்டுமென்று தான் அழுவதாகக் கிருபாபாய்க்குத் தோன்றியது.

வராந்தாவுக்கு வந்து பொறியாளருக்குப் போன் செய்து, தங்கச்சாமி விழுந்ததைச் சொன்னாள். அன்றைக்கே சொன்னேனே என்பார், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

“எந்தப் பக்கமிருந்து வந்தாராம்?” என்றார் அவர். “எதுத்தாப்புல வண்டி வந்துச்சா? மேடு எம்புட்டு தூரத்துல தெரிஞ்சுச்சாம்?”

அதே வறண்ட குரல். இத்தனை நேரம் கட்டிலருகே இருந்தும், வலிக்குதா என்பதைத் தவிர அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“கேக்கலை சார்.”

“கேட்டுச் சொல்லுங்க. அடுத்தவன் விழுறதுக்குள்ள ஏதாவது செய்யணும். நான் சாயங்காலம் அங்க போறேன்.”

அவள் உள்ளே திரும்பினாள்.

“தங்கச்சாமி, நீ எந்தப் பக்கமிருந்து வந்தே?”

“அது எதுக்கு டீச்சர்?” என்றாள் முனீஸ்வரி, பால்கோவாவைப் பிட்டுக்கொண்டே.

கிருபாபாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த மேட்டைப் போட வச்சது நாந்தான்” என்றாள்.