ஒற்றைக் கழுகு

நான் கோபாலகிருஷ்ணனுக்குத் தர வேண்டி மிச்சம் இருந்தது பதினெட்டு ரூபாய். முதலில் வாங்கியது இருநூற்று நாற்பது. என் பெண்சாதி ஜெகதாம்பாளுக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்தபோது ரத்தத்துக்கும், வெளியில் எழுதிக் கொடுத்த மருந்துக்கும் வாங்கினேன். கடன் தீரும் வரை அவள் மாமல்லபுரத்தில் இருக்கும் அவருடைய லாட்ஜில் பாத்திரம் கழுவ வேண்டும், படுக்கையும் அங்கேதான் என்று பேச்சு. வட்டிக்கு அவள், முதலுக்கு நான்.

எனக்குக் கொடுத்த வேலை, செங்கல்பட்டு ரயிலடியில் அவருடைய வேனுக்கு ஆள் பிடிப்பது. அரை நாள் டிக்கெட் ஏழு ரூபாய், மாமல்லபுரம் மட்டும். முழு நாள் டிக்கெட் பன்னிரண்டு. அதற்கு முதலில் திருக்கழுக்குன்றம் மலையேறி உச்சிப்பொழுதில் கழுகு பார்க்கலாம், பிறகு மாமல்லபுரம். முழு நாள் டிக்கெட் ஒன்று போனால் என் கடனில் இரண்டு ரூபாய் கழியும். அரை நாளுக்கு ஒன்றும் கிடையாது. கழுகு வராவிட்டால் ஐந்து ரூபாய் வாபஸ் என்று கோபாலகிருஷ்ணன் போர்டு எழுதி வைத்திருந்தார். வாபஸ் போகிற பணம் ஆள் பிடித்தவன் தலையில் ஏறும். அப்படி இறங்கியும் ஏறியும் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

எழுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். தெற்கிலிருந்து வந்த ரயிலில் ஒரு குடும்பம் இறங்கியது. அவர்களைக் கூட்டிப்போகக் கல்பாக்கத்திலிருந்து சுப்புராமன் என்ற என்ஜினீயர் வந்திருந்தார். அவரோடு சேர்த்து ஒன்பது பேர். இரண்டு தடவை எண்ணினேன். ஒன்பது முழு நாள் டிக்கெட் என்றால் பதினெட்டு ரூபாய். அன்றைக்கே ஜெகதாம்பாள் வீட்டுக்கு வந்துவிடலாம். மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறப்போன பால்காரன் மகனிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

என்ஜினீயர் இரண்டு வகை டிக்கெட்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த முழு நாள்ல கழுகு நிச்சயமா வருமாப்பா?"

அவருடைய அம்மா என் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

"மூணு நாளா வரல சார்," என்றேன்.

வேன் ஓட்டும் மதார் சாகிப் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். "அண்ணாத்த, காலைல நாஸ்தாக்கு இன்னா துன்ன, அரிச்சந்திரன் சாம்பலா?"

என்ஜினீயர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துச் சிரித்தார். "வரலைன்னா அஞ்சு ரூபா திரும்பத் தருவீங்க இல்லையா? அப்ப மலை நமக்கு இனாம். வந்தா புண்ணியம், வரலைன்னா பணம். முழு நாளே குடு."

குடும்பமே சிரித்தது. கழுகு வராவிட்டால் நாற்பத்தைந்து ரூபாய் என் தலையில் ஏறும். நான் உண்மை சொன்னதால்தான் அவர்கள் அந்த டிக்கெட்டை எடுத்தார்கள்.

மலையடிவாரத்தில் அந்த அம்மாளை டோலியில் ஏற்றினோம். டோலி ஆட்களில் ஒருவன் வரவில்லை, நான் தோள் கொடுத்தேன். கழி தோளெலும்பில் இறங்கியது. அந்த அம்மாள் படிக்குப் படி, "பாத்துப்பா, உன் மூச்சு வாங்குது, எறக்கி வை," என்று சொல்லிக்கொண்டே வந்தார். இறக்கினால் உச்சிப்பொழுது தவறிவிடும். இறக்கவில்லை.

மேலே பாறையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். வெயிலில் கல் கொதித்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, பார்த்தால் வராதோ என்று பயம். திடீரென்று கூட்டம் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றது. வெள்ளையும் அழுக்குமாக ஒன்று பாறையில் இறங்கி, கிழவன் மாதிரி நடந்து வந்து, பண்டாரம் கையிலிருந்து தின்றுவிட்டு, அலகைக் கல்லில் துடைத்துக்கொண்டு போய்விட்டது. நான் தலைக்குமேல் கை கூப்பினேன். சாமியும் பறவையும் பதினெட்டு ரூபாயும் எனக்கு அப்போது ஒன்றாகவே இருந்தன.

"இன்னொண்ணு எங்கே?" என்று என்ஜினீயர் கேட்டார்.

"அது வூட்ல பொண்டாட்டியோட சண்ட போட்டுகினு கீது சார்," என்றார் மதார் சாகிப். சிரித்தார்கள். வெகுநேரம் நின்றார்கள். வேறு எதுவும் வரவில்லை.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். என்ஜினீயர் கல் யானைக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்திப் படம் பிடித்தார். அவருடைய அம்மா யானையின் நிழலில் உட்கார்ந்து எனக்கும் ஒரு முறுக்கு கொடுத்தார். அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் எல்லாம் நான் நூறு தடவை பார்த்தவை. அன்றைக்கு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. ஜெகதாம்பாளைக் கடைசி பஸ்ஸில் கூட்டிப்போனால் அடுப்பு மூட்ட விறகு இருக்கிறதா என்பதுதான் யோசனை.

பொழுது சாய லாட்ஜுக்கு வந்தோம். கோபாலகிருஷ்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் அவருடைய போர்டு. என்ஜினீயர் அதை விரலால் தொட்டு வாசித்தார்.

"'ஜோடிக் கழுகு தரிசனம். தவறினால் ஐந்து ரூபாய் வாபஸ்.' ஜோடின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒண்ணுதான் வந்தது. முழுசாக் கேக்கல. பாதி குடுங்க, அது நியாயம்."

எனக்கு அப்போது எழுத்து தெரியாது. இரண்டு வருஷமாக ரயிலடியில், 'கழுகு வந்தாப் பாருங்க, வரலைன்னா பணம்' என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்டில் ஜோடி என்று இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கோபாலகிருஷ்ணன் தகராறு செய்யவில்லை. கல்பாக்கத்துக் குடும்பங்களுக்கு மாதாமாதம் விருந்தாளிகள் வருவார்கள், அவர்கள் வாயில் விழக்கூடாது. தலைக்கு இரண்டரை வீதம் இருபத்திரண்டரை ரூபாயைச் சிரித்த முகத்தோடு எண்ணிக் கொடுத்தார். என்ஜினீயர் அதிலிருந்து ஒரு எட்டணாவை என் கையில் வைத்தார்.

"நீ ஒருத்தன்தாம்பா உண்மையச் சொன்னே. நல்லா இருப்பே."

அவர்கள் கல்பாக்கம் பஸ்ஸுக்குப் போனதும் கோபாலகிருஷ்ணன் என் பக்கம் திரும்பினார். "பதினெட்டு கழிஞ்சுது. இருபத்திரண்டரை ஏறுது. நாளைக்கு சீக்கிரமா ஸ்டேஷனுக்குப் போ."

ஜெகதாம்பாள் பின்கட்டிலிருந்து வந்து நின்றாள். புடவை மாற்றித் தலை வாரியிருந்தாள். அக்குளில் ஒரு துணிமூட்டை. சாம்பல் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"இன்னிக்கு முடிஞ்சிடும்னு சொல்லி அனுப்புனியே."

"ஒரு கழுகு வரல," என்றேன்.

அவள் கோபாலகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள்.

"மொதலாளி, அந்த இருபத்திரண்டரைய உட்டுடு. உன் சமையக்காரி போய்ட்டா இல்ல, நா அடுப்பும் பாத்துக்கறேன், பாத்திரமும் கழுவறேன். துட்டு வாணாம், ரெண்டு வேள சோறு போடு. இந்தாளு பேர்ல கடன் இருக்கக் கூடாது. ரயிலடிக்கும் இனிமே வர மாட்டாரு."

"எத்தினி நாளைக்கு?" என்று கேட்டார் கோபாலகிருஷ்ணன். குரலில் பேரம் இருந்தது.

"என்னால முடியற வரிக்கும்."

"இன்னா பேசற நீ," என்றேன். "கெளம்பு, வூட்டுக்குப் போலாம். மெதுவாக் கட்டிடலாம்."

"எப்போ? உனக்குப் பொய் சொல்ல வராது. வராத ஆளு ஆள் பிடிக்கப் போனா, நா செத்து எலும்பாப் போனாலும் அந்தக் கடன் அப்படியேதான் நிக்கும். கல்லு ஒடைக்கப் போ, மண்ணு சொமக்கப் போ. அங்க எவனும் உன்ன ஒண்ணியும் கேக்க மாட்டான்." மூட்டையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம வா. கடன்காரனா வராத. ஒறமொறையா வா."

சமையல்காரிக்கு மாதம் முப்பது ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவர் கோபாலகிருஷ்ணன். அவருக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"சரி. திருவேங்கடம், உன் கணக்கு தீந்துபோச்சு. இனிமே நீ எனக்கு ஒத்தப் பைசா தர வேணாம்."

நான் கும்பிட்டேன். எதற்குக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை, கை பழக்கத்தில் கூடிவிட்டது. நிமிர்ந்தபோது ஜெகதாம்பாள் மூட்டையோடு உள்ளே போய்விட்டிருந்தாள். அடுக்களையில் விறகு ஒடிக்கும் சத்தம் கேட்டது.