குதிரைக்கு ஏற்ற உடம்பு

குதிரை மேல் ஏறுகிறவன் இளைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எங்கள் ஊர் எல்லைச்சாமி குதிரை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தொடை ஒவ்வொன்றும் உரல் மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பண்ணையின் முதலாளி மாதத்துக்கு ஒருமுறை மெட்ராஸிலிருந்து காரில் வந்து குதிரை ஏறுவார். அவரும் வாசற்படியை அடைக்கிற ஆள்தான். இந்த இரண்டு பேரைத் தவிர குதிரை மேல் உட்கார்ந்த யாரையும் நானும் பார்த்ததில்லை, என் வீட்டுக்காரரும் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் டில்லிபாபு, பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் இருந்த ஒரு குதிரைப் பண்ணையில் லாயத்து ஆள். அங்கே பிறக்கிற பந்தயக் குட்டிகளை வளர்த்து லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பழக்குவது, ஓட்டுவது எல்லாம் மெட்ராஸில். இவருக்கு சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, உடம்பு தேய்த்துவிடுவது. செவலை என்று ஒரு பெண்குட்டி. அது பிறந்தபோது ஈரம் துடைத்தவர் இவர். அதற்குக் காய்ச்சல் என்றால் லாயத்திலேயே படுத்துக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது எதிர்வீட்டு மரகதம்தான் கஞ்சி கொடுத்தாள். அது கிடக்கட்டும். அப்படி வளர்த்தவர் எந்தக் குதிரையின் முதுகிலும் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. லாயத்து ஆள் ஏறக்கூடாது என்பது பண்ணைச் சட்டம்.

தொண்ணூற்றொன்று பங்குனியில் மேனேஜர் நரசிம்மன் இவரைக் கூப்பிட்டார். இனிமேல் குட்டிகளை இங்கேயே சவாரிக்குப் பழக்கப் போகிறார்களாம். ஆயுத பூஜை கழிந்து ரைடர் வேலைக்கு ஆள் எடுப்பார்களாம்.

“நீயும் வா டில்லி. ஆனா உடம்பு ஃபிட்டா இருக்கணும். தொடையிலயும் முதுகுலயும் பலம் இல்லேன்னா குதிரை உன்னைத் தூக்கிப் போட்டுடும்.”

அவ்வளவுதான் அந்த மனுஷன் சொன்னது. எடை என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

“கனகா, செவலை மேல நான் குந்தப் போறேன்டி” என்று சொல்லிக்கொண்டே இவர் வீட்டுக்குள் வந்தார். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

அப்போது இவர் எப்படி இருந்தார்? குச்சி. சட்டை போட்டால் ஆணியில் மாட்டின மாதிரி தொங்கும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்? எள்ளை இடித்து வெல்லம் போட்டு உருண்டை பிடித்தேன். உளுந்தங்கஞ்சி, ஊற வைத்த வேர்க்கடலை, ஞாயிற்றுக்கிழமை ஈரல். அந்த வருஷம் எங்கள் கோழிகள் இட்ட முட்டையில் ஒன்றுகூடக் குஞ்சாகவில்லை. எல்லாம் இவர் வயிற்றுக்குள் போயிற்று.

காலையில் வல்லக்கோட்டை கோயில் வரைக்கும் ஓடுவார். வைகாசியில் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் குண்டு வெடித்து ரோடெல்லாம் போலீஸ் நின்றபோது, இவரை மடக்கி எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டார்கள். குதிரை ஏற என்றால் நம்புவார்களா? அதற்குப் பிறகு வரப்பிலேயே ஓடினார். ஏரிக்கரையில் சாய்ந்து கிடந்த பனைமரத்தில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, தொடையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தோளில் மணல் மூட்டை வேறு. முதுகு கெட்டிப்பட வேண்டும் என்று என்னை முதுகில் உட்கார வைத்துத் தண்டால் எடுப்பார். நான் சிரித்தால், “சும்மா குந்துடி, நீ சிரிச்சா நான் வுழுந்துடுவேன்” என்பார். அந்த ஆறு மாசமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

உடம்பு ஏறியது. சட்டையெல்லாம் அக்குளில் கிழிந்தது. லாரியில் வரும் கொள்ளு மூட்டைகளைத் தோளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்தார். மேனேஜர் தினமும் பார்த்தார். தினமும் “சபாஷ் டில்லி” என்றார். லாரி இறக்கக் கூலியாள் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஆள் எடுக்கிற அன்று நானும் போனேன். என் தம்பி உதயசூரியன் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தான். வேலைவெட்டி இல்லாதவன், ஊதினால் பறந்துவிடுவான், பாதி உடம்பு பீடிப்புகை. மெட்ராஸிலிருந்து வந்த பயிற்சிக்காரர், தீவன மூட்டை நிறுக்கும் தராசை வெளியே கொண்டுவரச் சொன்னார். அதை இழுத்து வந்ததே என் வீட்டுக்காரர்தான். முதலில் ஏறியதும் அவர்தான்.

“அறுபத்திரண்டா? ஐம்பதைத் தாண்டினா குட்டி முதுகு என்னத்துக்கு ஆகும்? இறங்குப்பா.”

அவ்வளவுதான். பனைமரத்தையும் மணல் மூட்டையையும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏன் சார், இத்த மின்னாடியே சொன்னா இன்னா?” என்று மேனேஜரைக் கேட்டேன்.

“இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா” என்றார்.

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? சோறு மிஞ்சுகிற வீட்டில்தான் இளைப்பதற்கும் பயிற்சி உண்டு. எங்கள் பக்கம் இளைப்பு தானாகவே வரும்.

அதற்குள் பயிற்சிக்காரரின் கண் என் தம்பி மேல் போய்விட்டது. “நீ ஏறு பார்க்கலாம்” என்றார். நாற்பத்தாறு கிலோ. ஒரு கிழட்டுக் குதிரை மேல் ஏற்றிவிட்டார்கள். பிடரியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ விழாமல் ஒட்டிக்கொண்டான். பழகப் பழகப் பலம் வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாசம் திரும்புவதற்குள் என் தம்பி செவலை மேல் உட்கார்ந்திருந்தான். கயிற்றைப் பிடித்து நடத்தியவர் என் வீட்டுக்காரர். பலசாலி பிடித்தால்தான் குட்டி திமிறாது என்று மேனேஜரே அவரை அந்த வேலைக்குப் போட்டிருந்தார்.

“மாமா, நான் வோணா வுட்டுடட்டா?” என்று தம்பி மேலேயிருந்து கேட்டான்.

“குதிர மேல குந்திக்கினு பின்னால பாக்காத. நேரா பாரு” என்றார் இவர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தட்டைத் தள்ளினார். “சோறு வோணாம் கனகா. இனிமே எனக்குக் கொள்ளு மட்டும் வேவிச்சுக் குடு.”

பழமொழியின் மறுபாதியும் என் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. பகலெல்லாம் குதிரைக்குக் கொள்ளு போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதையே தின்றார். உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினார். நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். “ஒரு தபா, ஒரே ஒரு தபா அது மேல குந்திட்டேன்னா போதும்டி” என்றார். கன்னம் ஒட்டிப்போயிற்று. மாடிப்படி இல்லாத வீட்டிலேயே மூச்சு வாங்கியது.

தை மாதத்தில் தராசு முள் ஐம்பதுக்கு வந்ததும் மேனேஜரிடம் போய் நின்றிருக்கிறார். மேனேஜர் சொன்னதை அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார்.

“என்ன டில்லி, நோயாளி மாதிரி நிக்கிறே? குதிரை ஒரு உதறு உதறினா உனக்கு எலும்பு மிஞ்சாது. போய் நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வா, பார்க்கலாம்.”

சொல்லிவிட்டு இவர் சிரித்தார். எனக்கு அந்த மேனேஜரின் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும் போல இருந்தது. அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க லாயத்து வாசனை. எள்ளு போட்டு வைத்த டப்பாவும் பக்கத்திலேயே இருந்தது.

“இப்ப நான் இன்னாதான்யா ஆக்கட்டும்?” என்று கேட்டேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.