கிணற்றின் மேல் தண்ணீர்

அந்த ஓகஸ்ட் முழுவதும் காமில் வீட்டில் தேத்தண்ணீரை வைத்துத்தான் சண்டை.

"புத்தளத்தில இருபத்திரண்டு வருசம் இருந்தம். ஒரு நாளாவது தேத்தண்ணி உப்புக் கரிச்சுதா?" என்று மனைவி சரீபா கேட்பாள். காமில் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்.

யுத்த காலத்தில் விட்டுப்போன எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்து, வீடு கட்டி, கிணறு வெட்டி, மோட்டர் பூட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் சரிவராவிட்டால் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை தொடங்குமுன் புத்தளத்துக்கே போய்விடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயது மகள் ஸஹ்றாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். புத்தளத்தில் ஆறு பேருக்கு ஓர் அறை. ஒருத்தி படிக்க லைற் போட்டால் மற்ற ஐந்து பேரும் ஏசுவார்கள். இங்கே அவளுக்கென்று ஒரு ஜன்னலும் அதன் கீழே ஒரு மேசையும் இருந்தன.

பெருநாள் முடிந்த மறுகிழமை, மன்னார் டவுனில் லீவுக்கால விஞ்ஞானப் பட்டறை தொடங்கியது. ஆறாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டு வரை இருபத்துநாலு பிள்ளைகள். பத்து நாள். நடத்தியவர் ஜெனிஸ்ரா மிஸ், யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்து முடித்தவர். அவருடைய குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. பின்னால் இருந்தவர்கள் தாங்களே ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டு காது கொடுத்தார்கள்.

முதல் நாள் இரண்டு பேருக்கு ஒன்றாக உப்பு அளக்கும் கருவி செய்தார்கள். பழைய செருப்புத் துண்டில் குத்திய இரண்டு ஆணிகள், ஒரு பற்றறி, ஒரு மீற்றர். தண்ணீரில் உப்புக் கூடினால் மின்சாரம் கூடப் பாயும். மீற்றரில் இலக்கம் ஏறும். மழைத் தண்ணீருக்கு ஒன்று. கடல் தண்ணீருக்கு நூறைத் தாண்டியது.

"வீட்டுக் கிணத்தை நீங்கள் அளந்து பாருங்கோ. பிறகு உங்கட சோடி வந்து அளக்கட்டும்" என்றார் மிஸ்.

ஸஹ்றாவின் சோடி ரொபின்சன். பக்கத்து ஊரான தோட்டவெளிப் பையன். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து மூன்று வருடங்களுக்கு முன்தான் வந்தவன். வாயில் பாதி இந்தியத் தமிழ்.

விடியற்காலையில், வாப்பா மோட்டர் போடுமுன், ஸஹ்றா வாளியால் அள்ளி அளந்தாள். எட்டு. இவ்வளவு குறைவா என்று அவளாலேயே நம்ப முடியவில்லை. மூன்று தரம் அளந்தாள். எட்டுத்தான். பின்னேரம் ரொபின்சன் சைக்கிளில் வந்து தண்ணீர்த் தாங்கிக் குழாயில் பிடித்து அளந்தான். முப்பத்தாறு.

"மிஸ், இவ கப்சா விடுறா" என்றான் மறுநாள். "கடையில மினரல் வாட்டர் வாங்கி ஊத்தி அளந்திருக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். "கப்சா எண்டால் என்னடா?" என்று ஒருவன் கேட்க, இன்னும் சிரிப்பு.

"நீ மூஞ்சி கழுவின தண்ணியை அளந்திருப்பாய்" என்றாள் ஸஹ்றா. சொல்லிவிட்டாளே தவிர, கண் கலங்கிவிட்டது. எட்டு என்பது பொய்யென்றால் முப்பத்தாறுதான் உண்மை. முப்பத்தாறு என்றால் புத்தளம்.

ஜெனிஸ்ரா மிஸ் இரண்டு இலக்கங்களையும் பலகையில் எழுதினார். எதையும் அழிக்கவில்லை.

"ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை எண்டு வைப்பம். அப்ப என்ன வித்தியாசம்?"

ஸஹ்றா மெதுவாகச் சொன்னாள்: "நான் வாளியால அள்ளினன், மிஸ். அவன் மோட்டர் இழுத்த தண்ணியைப் பிடிச்சவன்."

"வாளி எவ்வளவு ஆழத்துக்குப் போகும்?"

"மேல் மட்டும்தான்."

"மோட்டர்க் குழாய்?"

"அடியில, மிஸ்" என்றாள் ஸஹ்றா.

அன்றைக்கே ஒரு சோடாப் போத்தலில் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டினார்கள். வேண்டிய ஆழத்துக்குப் போத்தலை இறக்கி நூலைச் சுண்டினால் தக்கை கழன்று, அந்த இடத்துத் தண்ணீர் உள்ளே வரும். மறுநாள் விடிய மிஸ்ஸும் ரொபின்சனும் ஸஹ்றா வீட்டுக் கிணற்றடிக்கு வந்தார்கள். மேலே எட்டு. நடுவில் பதினாறு. அடியில் நாற்பத்தொன்று.

"மணலுக்குள்ள மழைத் தண்ணி மேல, உப்புத் தண்ணி கீழ" என்றார் மிஸ். காமில் நின்றதால் குரல் இன்னும் இறங்கிப்போயிருந்தது. "அடியில இழுக்க இழுக்க உப்பு ஏறி வரும். குழாயை மேல உயர்த்தினால் நல்லம்."

காமிலின் முகம் கறுத்தது. "மற்றாக்களைவிட ஆறடி கூட வெட்டினது நான். புத்தளத்து வெங்காயத் தோட்டங்கள்ல ஆழக் கிணறுதான் கோடைக்கு நிண்டு பிடிச்சது. இப்ப அதுதான் பிழையெண்டு புள்ளையள் வந்து சொல்லுதுகள்."

"ஆழமா வெட்டி உப்பைத் தேடி எடுத்திருக்கிறீங்க" என்றாள் சரீபா, குசினி வாசலிலிருந்து.

"மேல குழாயை வைச்சா, தண்ணி இறங்கக் காத்தைத்தான் இழுக்கும்" என்று காமில் குழாயைத் தொடாமலே நின்றார்.

மிஸ் ரொபின்சனைப் பார்த்தார், ரொபின்சன் ஸஹ்றாவைப் பார்த்தான். வாப்பாவோடு எதிர்த்துப் பேசி ஸஹ்றாவுக்குப் பழக்கமில்லை.

"குழாய் நுனியை எண்ணெய் முடிஞ்ச பிளாஸ்டிக் கானில கட்டி மிதக்க விடுவம், வாப்பா" என்றாள். "தண்ணி இறங்கினா அதுவும் சேந்து இறங்கும். காலையில கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இழுத்தாப் போதும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. சரிவராட்டி நானே கழட்டித் தாறன்."

காமில் குனிந்து குழாயைப் பிடித்தார். "வெள்ளி வரைக்கும்தான்" என்றார்.

வெறும் ஐந்து லீற்றர்க் கான் ஒன்றும் வளையும் ஹோஸ் துண்டொன்றும் போதுமாயிருந்தன. ரொபின்சன் முடிச்சுப் போட்டான். தகப்பன் கடலுக்குப் போகிறவர் என்பதால் அவன் போட்ட முடிச்சு அவிழவில்லை. தாங்கியைக் கழுவிப் புதிதாக நிரப்பினார்கள். புதன் பதினொன்று. வியாழன் ஒன்பது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் காமில் மோட்டரைப் போட்டுவிட்டு யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் பள்ளிவாசலிலிருந்து வந்தபிறகு ஸஹ்றா தாங்கித் தண்ணீரை அளந்தாள். பதின்மூன்று.

சரீபா பின்னால் வந்து நின்றாள். "எத்தனை?"

ஸஹ்றாவின் நாக்கில் 'ஒன்பது' தயாராக நின்றது. உம்மாவுக்கு மீற்றர் பார்க்கத் தெரியாது. ஒன்பது என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

"பதின்மூண்டு" என்றாள்.

"நேத்து ஒன்பது எண்டாய்?"

"ஓம். இண்டைக்கு மோட்டர் பத்து நிமிசம் கூட ஓடிட்டுது."

சரீபா ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தாள். நாக்கைச் சப்பினாள். "கொஞ்சம் தெரியுது" என்றாள். "அப்ப நாளைக்குப் பத்து நிமிசம் குறை. இனி மோட்டர் சுவிட்சை உங்கட வாப்பா தொடக்கூடாது. நீதான் போடு."

"மூண்டாந் தவணை?" என்று ஸஹ்றா கேட்டாள். குரல் மிஸ்ஸுடையதைப் போலப் போய்விட்டது.

சரீபா வீட்டுப் பக்கம் திரும்பிக் கணவனைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச, கேக்குதா? புத்தளத்தில மச்சானிட்டச் சொல்லுங்க, அங்க விட்டிட்டு வந்த என்ட தையல் மெசினை லொறியில ஏத்திவிடச் சொல்லி."